ஆகஸ்ட், செப்டம்பர்: குளத்தை விசாரித்துவிட்டு யானை பார்க்கப் போங்கள்

சோளகக் காற்றின் காலம் இது. மலைநாட்டின் மேற்குச் சரிவு நனைந்துகொண்டிருக்க, ஹபரணை, பொலன்னறுவைப் பக்கம் மண் வெடித்துக் கிடக்கிறது. இலங்கையின் பூங்காக்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் இப்போது வடமத்திக்கும் கிழக்குக்கும் போவதே நல்லது.

முதலில் மின்னேரியா. மன்னன் மகாசேனன் கட்டிய குளம் கோடையில் வற்றும்போது, நீர் விலகிய தரையில் இளம்புல் முளைக்கும். மேய்ச்சலும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பதால் சுற்றுக்காட்டு யானைகள் குட்டிகளோடு இறங்கிவரும். நல்ல ஆண்டில் ஒரே மாலையில் இருநூறுக்கு மேல்கூட. ஆனால் இதை நம்பி முன்கூட்டியே பணம் கட்டிவிடாதீர்கள். 2018இல் பயன்பாட்டுக்கு வந்த மொரகஹகந்தை நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வந்து சேரும் ஆண்டுகளில், கோடையிலும் குளம் நிறைந்தே நிற்கிறது. வயலுக்கு அது நல்லது. யானைக்குத்தான் புல் மூழ்கிப்போகிறது. அப்போது கூட்டம் பக்கத்துக் கவுடுல்லைப் பூங்காவுக்கோ வேறு காட்டுக்கோ நகர்ந்துவிடும்.

ஆகவே ஹபரணையில் தங்குங்கள். மின்னேரியா, கவுடுல்லை, ஹுருலு மூன்றும் அங்கிருந்து கிட்டத்தான். அன்று காலை இரண்டு மூன்று ஜீப் சாரதிகளிடம் "நேற்றுப் பின்னேரம் யானை எங்கே நின்றது?" என்று கேட்டுவிட்டுப் பூங்காவைத் தீர்மானியுங்கள். ஒரே பூங்காவைப் பிடித்துக்கொண்டு வற்புறுத்துகிறவரை விட்டுவிடலாம். வெயில் தாழத்தான் யானைகள் வெளியே வரும். மூன்று மணிக்கு உள்ளே போனால் போதும். பௌர்ணமிப் போயா விடுமுறையையும் வார இறுதியையும் தவிருங்கள், அந்நாட்களில் யானையைவிட ஜீப்தான் அதிகம் தெரியும்.

யானை காதை விரித்துத் தலையை உதறினால் வாகனத்தைப் பின்னெடுக்கச் சொல்லுங்கள். கிட்டப் போனதற்காகச் சாரதிக்குக் கூடுதல் காசு கொடுக்கும் பழக்கம்தான் பாதித் தொல்லைக்குக் காரணம் என்பது என் எண்ணம். வீதியோரம் நிற்கும் யானைக்கு வாழைப்பழம் நீட்டவே வேண்டாம். பழகிய யானை அடுத்த வாகனத்தை மறிக்கும். கடைசியில் உயிர் போவது மனிதருக்கோ யானைக்கோ.

யாலவுக்கு அவசரப்படாதீர்கள். பெரும்பாலான ஆண்டுகளில் வறட்சியை முன்னிட்டுச் செப்டம்பரில் அதன் முதலாம் வலயத்தை மூடிவிடுவார்கள். போகத்தான் வேண்டுமென்றால் திறந்திருக்கிறதா என்று வனசீவராசிகள் திணைக்களத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹோர்ட்டன் சமவெளியை ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது போனால் அங்குள்ள ‘உலக முடிவு’ மலைவிளிம்பில் பெரும்பாலும் மூடுபனியைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

கடல் பிடிக்கும் என்றால் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்கு இதுவே தருணம். கிழக்குக் கடல் இப்போது அமைதியாக இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கினால் படகும் கிடையாது, தெளிந்த நீரும் கிடையாது. காலையில் முதல் படகைப் பிடியுங்கள். வெயிலுக்குக் களிம்பைப் பூசுவதைவிட முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள், களிம்பு கரைந்து பவளத்தில்தான் படியும். நீந்தத் தெரியாதவர்கள் மிதப்பு அங்கி போட்டுக்கொள்ளுங்கள். களைத்துப்போய்ப் பவளப்பாறைமேல் கால் ஊன்றுவது பெரும்பாலும் அவர்கள்தான். கறுப்பு முனைத் துடுப்புள்ள சின்னச் சுறா பக்கத்தில் போனால் பதற வேண்டாம், துரத்தவும் வேண்டாம்.