வெயில் எழுதும் கணக்கு

நுழையும்முன்

நெல்லை உலர்த்துவதும் வடகம் காயவைப்பதும் வெயில்தான். நம் வாழ்வு வெயிலோடு பிணைந்தது. எனினும், அதே வெயிலில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு கூறு, உழைப்பவர் உடலில் என்ன செய்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தோல் கறுத்தல் என்னும் எளிய மாற்றத்தின் பின்னுள்ள அறிவியலை இப்பாடம் விளக்குகிறது.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படுவது பாகூர். அக்கொம்யூனின் வயல்களிலும் வில்லியனூரைச் சூழ்ந்த ஊர்களிலும் சொர்ணவாரிப் பருவ நடவு கோடையில் நடைபெறும். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டு கட்டிப் பெண்கள் நாற்று நடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஏன் அச்சட்டை என்று கேட்டால், “வெயிலில் கறுத்துவிடும்” என்பர். இவ்விடையில் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது.

காணா ஒளி

1801ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஜோகன் வில்ஹெல்ம் ரிட்டர், வெள்ளிக் குளோரைடு தடவிய தாளை நிறமாலையின்மீது வைத்தார். ஊதா நிறத்திற்கும் அப்பால், ஒளியே தென்படாத இடத்தில் தாள் மிக விரைவாகக் கறுத்தது. அவ்வாறு அறியப்பட்டவையே புற ஊதாக் கதிர்கள். இவை ஏ, பி, சி என மூவகைப்படும். சி வகையை ஓசோன் படலம் முழுவதும் தடுத்துவிடுகிறது. பி வகையின் ஒரு சிறு பகுதியும் ஏ வகையின் பெரும்பகுதியும் நிலத்தை அடைகின்றன.

புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆகவே, ஏப்ரல், ஆகஸ்டு மாதங்களின் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் இங்கு நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது கதிர்கள் காற்று மண்டலத்தைக் குறுகிய வழியில் கடந்து வருவதால் அவற்றின் வலிமை மிகுகிறது. புற ஊதாக் கதிர் வெப்பமாக உணரப்படுவதில்லை. கடற்காற்று குளிர்ந்து வீசினாலும், மெல்லிய மேகம் மூடினாலும் அதன் தாக்கம் தொடரும்.

தோலில் நேரும் காயம்

பி வகைக் கதிர், மேல்தோலின் செல்களில் உள்ள டி.என்.ஏ. இழையைத் தாக்குகிறது. அடுத்தடுத்து அமைந்த இரண்டு தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நூலில் விழுந்த முடிச்சைப் போன்றது இது. செல்லில் உள்ள நொதிகள் அம்முடிச்சை வெட்டி நீக்கி, இழையைச் செப்பனிடுகின்றன. இச்செப்பனிடும் முறையை விளக்கிய அசீஸ் சஞ்சார், 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர். செப்பனிடப்படாது எஞ்சும் பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேரும்போது புற்றுநோய்க்கு வழி ஏற்படலாம். ஏ வகைக் கதிரோ ஆழமாக ஊடுருவி, தோலின் உறுதிக்குக் காரணமான கொலாஜனைச் சிதைத்துச் சுருக்கங்களை உண்டாக்குகிறது.

காயமுற்ற தோல் மெலனின் நிறமியை மிகுதியாக உருவாக்குகிறது. அந்நிறமி செல்லின் உட்கருவிற்கு மேல் குடைபோலக் கவிகிறது. நாம் இழிவாகப் பேசும் கறுப்பு, உண்மையில் உடல் தனக்குத்தானே விரித்துக்கொண்ட குடையாகும். வெண்தோல் மக்களைவிட நம்மிடையே தோல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆயினும் இக்குடை முழுக் கவசமன்று.

அழற்சியும் நோயெதிர்ப்பும்

கடும் வெயிலில் நின்ற சில மணி நேரத்தில் தோலின் செல்கள் சைட்டோகைன், புரோஸ்டாகிளாண்டின் முதலிய வேதித் தூதுகளை வெளியிடுகின்றன. குருதி நுண்குழல்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் அங்கு விரைகின்றன. எரிச்சலும் வீக்கமும் தோன்றுகின்றன. கருந்தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எனவே, அழற்சி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

வியப்புக்குரியது மற்றொன்று. அழற்சியைத் தூண்டும் அதே கதிர், நோயெதிர்ப்பை அடக்கவும் செய்கிறது. அயற்பொருள்களை அடையாளம் காணும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் மேல்தோலை விட்டு அகல்கின்றன. 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் கிரிப்கி, புற ஊதாக் கதிரால் உண்டான கட்டிகளை அதே இனத்தைச் சேர்ந்த நலமான எலிகளுக்கு மாற்றினார். அவ்வெலிகளின் உடல் அவற்றைப் புறந்தள்ளியது. முன்னரே கதிர்பட்ட எலிகளிலோ கட்டிகள் வளர்ந்தன. கடும் வெயிலில் அலைந்தபின் சிலருக்கு உதட்டோரத்தில் கொப்புளம் எழுவதற்கும் இவ்வடக்கம் ஒரு காரணமாகும். உறங்கிக் கிடந்த தீநுண்மி அப்போது விழித்துக்கொள்கிறது. இவ்வியல்பையே மருத்துவர்கள் அளவறிந்து பயன்படுத்தி, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு ஒளிச்சிகிச்சை அளிக்கின்றனர்.

நிழலே அளவுகோல்

வைட்டமின் டி உருவாக வெயில் வேண்டும். ஆகவே, நாம் நாடவேண்டியது அளவே. அதற்குக் கருவி தேவையில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிரின் வலிமை மிகுதி என்று அறியலாம். கோடையில் நம் பகுதியில் இது முற்பகல் 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நீடிக்கும். நெருக்கமாக நெய்த, அடர்நிற, உலர்ந்த ஆடை கதிரை நன்கு தடுக்கும்; நனைந்த மெல்லிய வெள்ளாடை அவ்வளவாகத் தடுக்காது. நடவுப் பெண்கள் பட்டறிவால் தேர்ந்த முழுக்கைச் சட்டை அறிவியலுக்கு உகந்ததே.

எனினும், சட்டை அணிவது உழைப்பவர் கையில் உள்ளது. வேலை நேரத்தை வகுப்பது அவர் கையில் இல்லை. விடியலில் தொடங்கி உச்சிவெயிலுக்கு முன் முடியும் வேலையும், வரப்போரம் ஒரு நிழற்பந்தலும் அவர்க்கு நாம் செய்யும் சலுகையல்ல; நம் கடன். நம் தட்டில் விழும் ஒவ்வொரு சோற்றுப் பருக்கையின் கணக்கையும் வெயில் யாரோ ஒருவர் தோலில் எழுதி வைத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கொரு முறை உங்கள் நிழலை அளந்து பட்டியலிடுக.
2. ‘கறுப்பு என்பது காப்பு’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.