உயிர்பெற்ற பாவைகள்

மதுரைக்கு வடமேற்கே உள்ள அலங்காநல்லூர் என்றதும் ஏறுதழுவும் வீர விளையாட்டே பலர் நினைவுக்கு வரும். அவ்வூரைச் சூழ்ந்த மதுரைச் சமவெளி பாவைக் கூத்துக்கும் உரிய நிலமாகும். முற்காலத்தில் தோற்பாவைக் கூத்தர் சிற்றூர்தோறும் சென்று கூடாரம் அமைப்பர். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவங்களை வரைந்து, வெட்டி, துளையிட்டு, வண்ணந் தீட்டுவர். வெண்டிரைக்குப் பின்னே விளக்கொளியில் அவற்றை அசைத்து, இராமகாதையைப் பல இரவுகள் நடத்துவர். இராமனுக்கும் இராவணனுக்கும் அனுமனுக்கும் ஒருவரே குரல் கொடுப்பார். திரையின்முன் அமர்ந்த சிறுவர், தாம் காண்பது தோல் என்பதை மறந்து சிரிப்பர்; கலங்குவர்.

உயிரற்றதை உயிருள்ளதாகக் காட்டும் இக்கலை மிகப் பழைமையானது. கயிற்றால் இயங்கும் மரப்பாவை காண்போரை மயக்குவதை வள்ளுவரும் உவமையாக எடுத்தாண்டுள்ளார். தொலைக்காட்சி தோன்றிய பின்னர், இக்கலை உலகின் பல நாடுகளிலும் புதிய வடிவங்களை எய்தியது. அவற்றுள் ஒன்று, இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய ‘பேக்பஸ்’ என்னும் சிறுவர் தொடராகும்.

இதனை உருவாக்கியவர் ஆலிவர் போஸ்ட்கேட், பீட்டர் பெர்மின் என்னும் நண்பர் இருவர். கேன்டர்பரி நகருக்கு அருகில் பெர்மினின் பண்ணையில் இருந்த பழைய மாட்டுத் தொழுவமே அவர்தம் படப்பிடிப்பு நிலையம். பாவையைச் சிறிதே நகர்த்தி ஒரு படம் எடுப்பர். மீண்டும் சிறிதே நகர்த்தி மற்றொரு படம் எடுப்பர். இவ்வாறு எடுத்த படங்களை விரைவாகத் தொடர்ந்து ஓட்டினால், பாவை தானே நடப்பதுபோலத் தோன்றும். தேரைப் பாவை ஒன்று மட்டும் கையால் நேரே இயக்கப்பட்டது. இடையிடையே வரும் கதைகள், பெர்மின் வரைந்த ஓவியங்கள் அசைவதாகக் காட்டப்பட்டன. இங்ஙனம் பாவையும் ஓவியமும் ஒரே மேடையில் கூடின.

கதையும் எளியதே. எமிலி என்னும் சிறுமிக்கு ஒரு கடை உண்டு. அங்கே எப்பொருளும் விற்கப்படுவதில்லை. பிறர் தொலைத்த பொருளையும் உடைந்த பொருளையும் அவள் கொண்டுவந்து, துணிப் பூனையாகிய பேக்பஸ்ஸின்முன் வைப்பாள். பூனை விழித்ததும் மற்றைப் பொம்மைகளும் விழிக்கும். அப்பொருள் யாதென ஆராய்ந்து, கதை பேசி, பாட்டுப் பாடி, அதனைச் செப்பனிடும். பின்னர், உரியவர் கண்டு எடுத்துச் செல்லும் பொருட்டு அது கடைச் சாளரத்தில் வைக்கப்படும்.

இத்தொடரில் 13 பகுதிகளே உண்டு. எனினும் அவை பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாயின. 1999-ஆம் ஆண்டு நிகழ்ந்த வாக்கெடுப்பில், பேக்பஸ் மக்கள் பெரிதும் விரும்பும் சிறுவர் நிகழ்ச்சியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரும்பொருளும் பேரரங்கும் இன்றியே இருவர் எய்திய வெற்றி இது. பொறுமையும் குழந்தைகள்பால் கொண்ட அன்புமே அவர்தம் முதல்.

திரைப்படமும் தொலைக்காட்சியும் பரவியபின் நம் நாட்டுத் தோற்பாவைக் கூத்து நலிந்தது. இன்று அதனை நடத்துவோர் மிகச் சிலரே. கிழிந்த பாவையும் அணைந்த விளக்கும், எமிலி கண்டெடுத்த பொருள்களைப் போன்றனவே. செப்பனிடுவதற்கு வேண்டுவது அவற்றைக் குனிந்து எடுக்கும் ஒரு கை. அக்கலைக்கு உரியவர் நாமே அன்றோ?