பத்தருவிப் பாதை

மலையினின்று ஆரவாரத்துடன் இழியும் நீரை நம் முன்னோர் அருவி என்றனர். அருவியைக் கண்டு மகிழாதார் இலர். ஆயின், அருவியைக் கண்டு மகிழ்வது வேறு. அதனைக் காத்து, பின்வருவோரும் கண்டு மகிழுமாறு செய்வது வேறு. முன்னது எல்லார்க்கும் எளிது. பின்னது சிலர்க்கே இயலும். அச்சிலரின் உழைப்பால் மீண்டும் தழைத்த ஒரு கானகத்தை, மாணவர்களே, இன்று நாம் சுற்றி வருவோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கே, பசிபிக் பெருங்கடலை ஒட்டி ஆரிகன் என்னும் மாநிலம் அமைந்துள்ளது. அதன் தலைநகரின் பெயர் சேலம். இதனைக் கேட்டு நீங்கள் வியத்தல் கூடும். நம் நாட்டுச் சேலத்தின் பெயரும் அந்நகரின் பெயரும் ஒலியளவில் ஒத்துள்ளன. அந்நகருக்குக் கிழக்கே, காஸ்கேட் மலைத்தொடரின் அடிவாரத்தில், 'சில்வர் ஃபால்ஸ்' என்னும் மாநிலப் பூங்கா உள்ளது. வெள்ளியருவி என்பது அப்பெயரின் பொருள். பூங்கா என்றதும் மலர்ப்பாத்திகளையும் புல்தரையையும் நினைத்துவிட வேண்டா. 9,000 ஏக்கருக்கும் மிகுதியாகப் பரந்து கிடக்கும் பெருங்காடு அது.

அக்காட்டின் ஊடே சில்வர் ஓடையின் தென்கிளையும் வடகிளையும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை அகழ்ந்து ஓடுகின்றன. அவ்விரு கிளைகளிலும் அவற்றை வந்தடையும் சிற்றோடைகளிலும் பத்து அருவிகள் உள்ளன. அப்பத்தினையும் கண்டு, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேருமாறு வளையம்போல் ஒரு நடைபாதை அமைத்துள்ளனர். அதன் நீளம் 7 மைலுக்குச் சற்று மிகுதி. பத்தருவிப் பாதை என்பதே அதன் பெயர். மழைக்காலம் கழிந்து, ஓடைகள் நிறைந்தோடும் இளவேனிற்காலமே இங்கு நடத்தற்கு ஏற்றது.

பாதை தென்னருவியின் அருகே தொடங்குகிறது. 177 அடி உயரத்தினின்று ஒரே தாரையாய் வீழ்கிறது தென்னருவி. அருவியை எதிரே நின்று காண்பதே உலக வழக்கு. இங்கோ பாதை நம்மை அருவியின் பின்புறத்திற்கே அழைத்துச் செல்கிறது. பாறை குடைந்தாற்போன்ற அகன்ற முழை. அதன் வாயிலில் தொங்கும் வெண்திரையென நீர். அத்திரையின் ஊடே தெரியும் பச்சைக் காடு. சாரல் முகத்தை நனைக்கிறது. ஓசை செவியை நிறைக்கிறது. அருகில் நிற்பவரிடம் பேசவேண்டுமாயின் உரக்கக் கூவவேண்டும்.

அருவியின் பின்னே இம்முழை எவ்வாறு தோன்றிற்று? ஏறத்தாழ 150 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், கிழக்கே நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வெள்ளமாய்ப் பெருகி இப்பகுதியை மூடிற்று. அக்குழம்பு குளிர்ந்து கரிய பசால்ட்டுப் பாறையாயிற்று. அதன் அடியில் இருப்பதோ மென்மையான படிவு. மேற்பாறை நீரின் மோதலைத் தாங்கி நிற்கிறது. கீழ்ப்படிவைச் சாரலும் பனியுறைவும் சிறிது சிறிதாக உதிர்க்கின்றன. அதனால் மேலே கூரையும் கீழே குடைவும் அமைந்தன. வலியது நிற்க, மெலியது தேய்ந்தமையால் நமக்கு ஒரு வழி கிடைத்தது.

இவ்வோடையோரம் சாம்பல் நிறமுடைய ஒரு சிறு பறவையைக் காணலாம். அதனை டிப்பர் என்பர். பாறைமீது நின்று, தலைவணங்குவதுபோல் உடலைத் தாழ்த்தி உயர்த்திக்கொண்டிருக்கும். திடீரென விரைந்தோடும் நீருள் மூழ்கி, ஓடையின் அடித்தளத்திலேயே நடந்து, புழுக்களைத் தேடி உண்ணும். அருவிகளின் அருகிலும் பின்னுமுள்ள பாறை இடுக்குகளில் பாசியால் கூடு கட்டும்.

மேலும் நடந்து, படிகள் பலவற்றின் வழியே இறங்கினால் 93 அடி உயரமுள்ள கீழ்த்தென்னருவி எதிர்ப்படும். இதன் பின்புறமாகவும் பாதை செல்கிறது. பின்னர்ப் பாதை வடகிளையை நோக்கித் திரும்புகிறது. இருமருங்கும் டக்ளஸ் மரங்கள் வானளாவி நிற்கின்றன. அகன்ற இலைகளையுடைய மேப்பிள் மரங்களின் கிளைகளைப் பாசி போர்த்துள்ளது. நிலமெங்கும் பெரணிச் செடிகள் செறிந்துள்ளன. 30 அடி உயரமுள்ள கீழ்வடவருவியைக் கடந்து, ஒரு கிளை வழியில் சற்றே சென்றால் இரட்டையருவியைக் காணலாம். இரண்டு நிலைகளாக வீழும் அதன் உயரம் 178 அடி. பத்தினுள் உயர்ந்தது அதுவே.

அடுத்து வருவது டிரேக் அருவி. உயரம் 27 அடியே. பத்தினுள் சிறியது இதுவே. பெரிய அருவிகளைக் கண்டு வந்த கண்களுக்கு இஃது ஒரு பொருட்டாகத் தோன்றாது. பலர் நில்லாமலே கடந்து செல்வர். ஆனால், நாம் சிறிது நின்று செல்வோம். மற்ற ஒன்பது அருவிகளை இன்று நாம் காண்பதற்குக் காரணமானவர் ஒருவரின் பெயரை இச்சிற்றருவியே தாங்கி நிற்கிறது.

இக்காடு தொன்றுதொட்டு இதே நிலையில் இருந்ததன்று. கலப்பூயா, மொலாலா என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்து வேட்டையாடிய நிலம் இது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியோர் மரம் வெட்டும் தொழிலை இங்கே தொடங்கினர். பெருமரங்கள் வீழ்ந்தன; தீயும் பல பகுதிகளை அழித்தது. அருவிகளும் வேடிக்கைப் பொருளாயின. தென்னருவியிருந்த நிலத்தின் உரிமையாளர், காண வருவோரிடம் கட்டணம் பெற்று, பழைய மோட்டார் வண்டிகளை உச்சியினின்று உருட்டிக் காட்டினார். 1928ஆம் ஆண்டில் ஆல் ஃபாசெட் என்பவர் துணியால் அமைத்த சிறு படகில் தென்னருவியினின்று பாய்ந்தார். அவர் உயிர் பிழைத்தாராயினும் காயமுற்றார்.

இவற்றையெல்லாம் கண்டு வருந்தியவர் சில்வர்ட்டன் என்னும் அண்மை ஊரில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் ஜூன் டிரேக். அவர் செல்வரும் அல்லர்; அதிகாரம் உடையவரும் அல்லர். அவரிடம் இருந்தவை ஓர் ஒளிப்படக் கருவியும் தளராத உள்ளமுமே. செப்பமான பாதை இல்லாத அக்காலத்தில் கருவியைச் சுமந்து பள்ளத்தாக்கில் இறங்கி, அருவிகளைப் படமெடுத்தார். அப்படங்களைப் பலர்க்கும் காட்டி, இவ்விடத்தைக் காத்தல் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எடுத்துரைத்தார். தேசியப் பூங்காவாக இதனை ஆக்கவேண்டும் என்பது அவர்தம் வேட்கை. 1926ஆம் ஆண்டில் ஆய்வு நடைபெற்றது. ஆயின், வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள் நிறைந்து கிடந்த நிலத்தைக் கண்ட ஆய்வாளர், அது தேசியப் பூங்காவாதற்குத் தகுதியற்றது என்று கருதினார்.

டிரேக்கின் விருப்பம் அவர் எண்ணியவாறு நிறைவேறவில்லை. ஆயினும் அவர் முயற்சி வீண்போகவில்லை. ஆரிகன் மாநில அரசு நிலத்தை வாங்கி, 1933ஆம் ஆண்டில் இதனை மாநிலப் பூங்காவாகத் திறந்து வைத்தது. அப்போது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிற்று. வேலையற்ற இளைஞர்க்கென அரசு ஒரு காடு காக்கும் படையை அமைத்தது. படையினருக்கு மாதச் சம்பளம் 30 டாலர். அதிற் பெரும்பகுதி அவர்தம் வறிய குடும்பங்களுக்கே அனுப்பப்பட்டது. அவ்விளைஞர்களே இங்குத் தங்கிப் பாதைகளைச் செப்பனிட்டனர். கல்லாலும் மரத்தாலும் தென்னருவி விடுதியைக் கட்டினர். இன்று நாம் இனிதே நடந்து செல்வது அவர்தம் உழைப்பின் மேலேதான்.

டிரேக் அருவியை விட்டு நடப்போம். 106 அடி உயரமுள்ள நடுவடவருவியும், பாறையால் இருகூறாகப் பிரியும் 31 அடி இணையருவியும் அடுத்தடுத்து வருகின்றன. பின்னர் 136 அடி உயரத்தினின்று பாயும் வடவருவியை அடைகிறோம். இதன் பின்னும் ஒரு பெரிய முழை உண்டு. அதன் கூரையை அண்ணாந்து பார்த்தால், கிணறுகளைக் கவிழ்த்தாற்போன்று வட்டமான துளைகள் தெரியும். எரிமலைக் குழம்பு வந்தபோது இங்கே மரங்கள் நின்றன. குழம்பு அவற்றைச் சூழ்ந்து இறுகிற்று. மரங்கள் எரிந்து மறைந்தன. அவை நின்ற இடம் மட்டும் பாறையில் வெற்றிடமாய் எஞ்சிற்று. அழிந்துபோன பழங்காட்டின் சுவடு அது.

65 அடி உயரமுள்ள மேல்வடவருவியைக் கண்டு, மேட்டு வழியே திரும்புகிறோம். வழியில் 134 அடி உயரமுள்ள குளிர்கால அருவி உள்ளது. மழைக்காலத்தில் பொங்கும் அவ்வருவி, கோடையில் ஏறத்தாழ வற்றிவிடும். அதனைக் கண்டபின் பத்தும் நிறைவுறுகின்றன.

இம்மேட்டு வழியில் மரங்களினிடையே பழைய அடிக்கட்டைகளை நாம் இன்றும் காண்கிறோம். தகுதியற்ற நிலம் என்று ஒதுக்கக் காரணமாயிருந்த கட்டைகளே அவை. இன்று அவற்றைப் பாசி மூடியுள்ளது. சில கட்டைகளின் மீதே இளமரங்கள் வேர்விட்டு வளர்ந்துள்ளன. 2020ஆம் ஆண்டில் மூண்ட பெருங்காட்டுத்தீ பூங்காவின் ஒரு பகுதியை எரித்தது. அருவிகள் உள்ள பகுதி தப்பிற்று. காடு காத்தல் ஒரு தலைமுறையோடு முடியும் வேலை அன்று என்பதை அது நினைவூட்டுகிறது.

இதோ, புறப்பட்ட இடத்திற்கே வந்துவிட்டோம். தென்னருவி முன்போலவே முழங்குகிறது. காலையில் அதன் அழகை மட்டுமே கண்டோம். இப்போதோ அதனைக் காத்தவரையும் அறிவோம். அடுத்த முறை வருங்கால், உயர்ந்த அருவிகளின் முன் எத்துணைப் பொழுது நிற்போமோ, அத்துணைப் பொழுது அந்த 27 அடி அருவியின் முன்னும் நின்று செல்வோமாக!