ஐவர் காத்த நிதி



உத்ஸவத்திற்கு வரும் அன்பர்களுள் சிலர் ஸந்நிதியில் தீர்த்தம் பெற்றபின் தயங்கி நின்று, "எங்கள் ஆசார்யன் பரமபதித்துவிட்டார், இனி யாரிடம் கேட்போம்?" என்று வினவுவதுண்டு. இக்கேள்வி புதியதன்று. திருவரங்கத்தில் ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிய அன்றே இது எழுந்தது. அதற்கு நம் முன்னோர் கண்ட விடையைச் சிறிது சிந்திப்போம்.

ஆளவந்தார் தமக்குப்பின் தர்சனத்தை நிர்வகிக்கத் தக்கவர் இளையாழ்வாரே என்று திருவுள்ளம் பற்றி, அவரை அழைத்துவருமாறு பெரிய நம்பியைக் காஞ்சிக்கு அனுப்பினார். நம்பியும் இளையாழ்வாரும் விரைந்து வந்தபோது, ஆசார்யனின் சரம திருமேனியே கண்ணுக்குக் கிடைத்தது. வலத் திருக்கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. ப்ரஹ்மஸூத்ரத்திற்குப் பாஷ்யம் செய்தல், வ்யாஸ பராசரர்களின் நன்றி மறவாமை, நம்மாழ்வாரிடத்து அன்பை விளக்குதல் ஆகிய மூன்றும் நிறைவேறாத மனோரதங்கள் என்று அருகிருந்தோர் கூற, இளையாழ்வார் ஒவ்வொன்றாக ப்ரதிஜ்ஞை செய்தார். விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்று குருபரம்பரை கூறும்.

இவ்வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயினும் பலர் கருதாத செய்தி ஒன்று இதில் உண்டு. ஆளவந்தாரின் திருவாயிலிருந்து ஒரு வார்த்தையேனும் நேரே கேளாதவர்தாம் அவருடைய தர்சனத்தை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். அவர் கற்கவேண்டியது எங்கே இருந்தது? ஐவரிடத்துப் பிரிந்து கிடந்தது. பெரிய நம்பி மதுராந்தகத்தில் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளினார். திருக்கோஷ்டியூர் நம்பி ரஹஸ்யார்த்தத்தைக் காத்துவந்தார்; அதற்காக எம்பெருமானார் பதினெட்டு முறை நடந்தார். திருமலை நம்பி ஓராண்டுக் காலம் ஸ்ரீராமாயணம் ஸாதித்தார். திருவாய்மொழிப் பொருள் திருமாலையாண்டானிடம் இருந்தது. திருவரங்கப்பெருமாளரையரிடம் மற்றோர் அர்த்த விசேஷம் இருந்தது. அதைப் பெறுவதற்கு எம்பெருமானார் ஆறு மாதம் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சட்காப்பு அரைத்துக் கொடுத்தும் கைங்கர்யம் செய்தார். ஒரு நாள் மஞ்சள் பதம் தவறியதென்று அரையரின் திருமுகம் வாட, அதனை உணர்ந்து மறுபடியும் அரைத்தார். மடத்தின் தலைமை பூண்ட யதிராஜர் மஞ்சள் அரைத்த கை அது. தலைமை கிடைத்தபின் கற்பதை நிறுத்திவிடும் நம்மவர் இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும்.

ஆண்டானிடம் நடந்த காலக்ஷேபத்தில் ஒரு தடை நேர்ந்தது. திருவாய்மொழி இரண்டாம் பத்தில் ஒரு பாசுரத்திற்கு, ஆழ்வார் தம்மைச் சரீரத்தில் பிணித்ததற்கு வருந்துகிறார் என்று ஆண்டான் பொருள் அருளினார். எம்பெருமானாரோ, முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் ஆனந்தமயமாக இருக்க நடுவே வருத்தம் பொருந்தாது. அறியாப் பருவத்திலேயே அடிமையில் அன்பு விளைவித்ததற்கு ஆழ்வார் நன்றி கூறுகிறார் என்று கொள்வதே தகும் என்று விண்ணப்பித்தார். "இது ஆளவந்தாரிடம் நாம் கேளாத பொருள், விச்வாமித்ர ஸ்ருஷ்டி" என்று ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார்.

ஆண்டான் பக்கமும் நியாயம் உண்டு. கேட்டதைக் கேட்டவாறே காப்பதுதான் அவர் ஏற்ற கடமை. ஆசார்யனைக் காணாத ஒருவர் ஆசார்யனின் கருத்து இதுவே என்று கூறினால் அதனை யார் ஒப்புவது? செய்தியறிந்த திருக்கோஷ்டியூர் நம்பி அரங்கத்திற்கு எழுந்தருளி, "இதே பொருளை ஆளவந்தார் அருளிச்செய்ய நாம் கேட்டிருக்கிறோம்" என்றார். தடை நீங்கியது. எம்பெருமானார் தாம் ஆளவந்தாருக்கு ஏகலவ்யனைப் போன்றவர் என்று கூறிக்கொண்டதாகவும் ஓர் ஐதிஹ்யம் உண்டு. பாசுரத்தின் போக்கைக் கொண்டே அவர் பொருளைத் தெளிந்தார். கேட்டிருந்த ஒருவர் அதற்குச் சாட்சியாக நின்றார். நம்பி அன்று ஜீவித்திராவிடில், ஆளவந்தாரின் பொருளே புதுக்கற்பனை என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

மூன்று ப்ரதிஜ்ஞைகளும் தனியொருவரால் முற்றவில்லை. ஸ்ரீபாஷ்யம் எழுதக் கூரத்தாழ்வான் துணை நின்றார். அவருடைய திருக்குமாரர்களுக்குப் பராசரர், வ்யாஸர் என்னும் திருநாமங்கள் இடப்பட்டன. திருக்குருகைப்பிரான் பிள்ளான், நியமனப்படி, திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி அருளினார். ஐவரிடமிருந்து ஒருவரிடம் சேர்ந்த நிதி, பின்னர் எழுபத்துநான்கு ஸிம்ஹாஸனாதிபதிகளிடம் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இத்திருவண்ணாமலையிலேயே அண்மைக் காலத்தில் இதனோடு ஒப்புநோக்கத் தக்கதொன்று நிகழ்ந்தது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இவ்வூர் வந்த ரமண மஹரிஷி 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஸித்தியடைந்தார். அவருடைய அத்வைத உபதேசத்திற்கும் நம் ஸித்தாந்தத்திற்கும் உள்ள வேற்றுமை வெளிப்படை. அதனை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஆசிரம நிர்வாகத்தை அவர் 1938ஆம் ஆண்டின் உயில் மூலம் தம் இளைய ஸஹோதரர் நிரஞ்ஜனானந்த ஸ்வாமிகளிடம் ஒப்புவித்திருந்தார். ஆனால் உபதேச பீடத்திற்கென ஒருவரையும் நியமிக்கவில்லை. இங்கும் நிதி பிரிந்தே கிடந்தது. 1935 முதல் 1939 வரை நிகழ்ந்த உரையாடல்களை முனகால வேங்கடராமய்யா குறித்து வைத்திருந்தார். தேவராஜ முதலியார் நாட்குறிப்பு எழுதினார். சூரி நாகம்மா 1945 முதல் தம் ஸஹோதரருக்குத் தெலுங்கில் கடிதங்கள் வரைந்தார். முருகனார் உபதேச மொழிகளைச் செய்யுளாக்கினார். நிர்வாகம் ஒருவர் கையில் இருந்தது. கேட்டவை பலர் கையில் இருந்தன. இன்று அவ்வுபதேசத்தை அறிய விழைவோர் இவர்கள் எல்லோருடைய ஏடுகளையும் புரட்டவேண்டியிருக்கிறது.

அடியேன் பயின்ற ஸம்ஸ்க்ருத பாடசாலையில் ஆசிரியர் மறைந்தபின், ஒரு மாணவரிடம் ஸ்வரம் நின்றது. மற்றொருவரிடம் வ்யாக்யான நுட்பம். கைங்கர்யத்திலேயே காலம் கழித்த மூன்றாமவரிடம் ஆசிரியரின் அநுஷ்டானம். முதல் இருவரிடமும் சென்று கேட்டோர் பலர். மூன்றாமவரை யாரும் வினவவில்லை. அவருக்குச் சொல்லவும் தெரியாது. அவருடன் தங்கியிருந்து பார்த்தே அறியவேண்டும்.

ஆதலின், ஆசார்யனை இழந்தோம் என்று வருந்தும் அன்பர்கள், அவரிடம் கேட்டிருந்தவர் எவரெவர் இன்னும் ஜீவித்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரிப்பீராக. இவ்வுத்ஸவ கோஷ்டியிலும் எண்பது வயது கடந்த அத்யாபகர் சிலர் எழுந்தருளுவர். சாற்றுமறையும் ப்ரஸாத விநியோகமும் முடிந்ததும் அவர்கள் ப்ராகாரத்தில் சிறிது நேரம் இளைப்பாறுவது வழக்கம். பேருந்துக்கு விரையுமுன் அவர்கள் அருகே சென்று அமரலாம்.