டவுன் சிண்ட்ரோம் உடைய குழந்தைகள்



புஞ்சாக் ஆலாம், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா எனச் செம்பனை மரங்கள் சூழ்ந்த நம் வட்டாரத்தில், சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த கண்களும், தட்டையான மூக்குத் தண்டும், குட்டையான விரல்களும் உடைய ஒரு பிள்ளையை ஒருமுறையேனும் கண்டிராதார் நம்முள் சிலரே இருப்பர். தோட்டப்புற வழக்கில் அப்பிள்ளையை 'மந்தம்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள், ஆகாததைத் தின்றாள், முன்வினை என்றெல்லாம் காரணமும் கூறுவார்கள். எந்தக் காரணத்தைக் கூறினாலும் பழி தாயின் தலையிலேயே விழும். இவற்றுள் எதுவும் உண்மையன்று. உண்மை யாது என்பதைக் காண்போம்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் கருவினுள் நூலிழை போன்ற குரோமோசோம்கள் உள்ளன. தந்தையிடமிருந்து 23, தாயிடமிருந்து 23, ஆக 46. முட்டையோ விந்தணுவோ உருவாகுங்கால், 21ஆம் சோடி பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாது ஒன்றாகவே சென்றுவிடுவது உண்டு. அப்போது பிறக்கும் குழந்தையிடம் 21ஆம் குரோமோசோம் மூன்றாகி, மொத்தம் 47 ஆகிவிடுகிறது. டவுன் சிண்ட்ரோம் உடையோருள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர்க்குக் காரணம் இதுவே. உலக அளவில் சுமார் 1,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இவ்வாறு பிறக்கின்றது. இதில் இனமில்லை, மதமில்லை, ஏழை பணக்காரர் என்பதும் இல்லை. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு மிகும் என்பது மெய். 35 வயதில் ஏறத்தாழ 350இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று. ஆயினும் இளந்தாய்மார்க்கே பிள்ளைப்பேறு மிகுதியாதலின், இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் 35 வயதுக்குட்பட்ட அன்னையர்க்கே பிறக்கின்றனர். சுமார் 3 அல்லது 4 விழுக்காட்டினரிடம் மட்டும் கூடுதல் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது பெற்றோர் வழி வந்திருக்கக்கூடும் என்பதால், அடுத்த குழந்தையைக் கருதுவோர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் நலம்.

1866ஆம் ஆண்டில் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதனை முதன்முதல் தெளிவாக விவரித்தார். பெயர் அவரால் வந்தது. அவர் அதற்கு இட்ட பெயரோ மங்கோலிய இனத்தாரைச் சுட்டுவதாயிருந்தது. 1965இல் மங்கோலிய நாட்டினர் உலகச் சுகாதார நிறுவனத்திடம் முறையிட்ட பின்னரே அச்சொல் மெல்ல மறைந்தது. 1959இல் பாரிஸ் நகரில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் 47ஆம் குரோமோசோமைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஆக, கிரகணக் கதைக்கு விடை கிடைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கதை மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

குரோமோசோமை மாற்ற மருந்தில்லை. ஆனால் அதனோடு சேர்ந்து வரும் நோய்களுக்கு மருத்துவம் உண்டு. இவ்வேறுபாட்டை நாம் உணராததால்தான் பல பிள்ளைகள் வீணே துன்புறுகின்றனர். கூப்பிட்டால் திரும்பிப் பாராத பிள்ளையை 'இவன் அப்படித்தான்' என்கிறோம். உண்மையில் இக்குழந்தைகளின் காதுத் துளை குறுகியது. செவிப்பறையின் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும். பாதிக்கும் மேற்பட்டோர்க்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கும். சொல் காதில் விழாதபோது பேச்சு எங்ஙனம் வரும்? அந்நீரை அகற்றினாலோ, கேட்கும் கருவி பொருத்தினாலோ பலர்க்கு நிலைமை மாறும். கண்ணும் அவ்வாறே, கண்ணாடி அணியவேண்டிய பிள்ளை கரும்பலகையைப் பாராதிருப்பது சோம்பலன்று.

தைராய்டு சுரப்பி குன்றினால் சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி, எடை ஏற்றம் ஆகியன தோன்றும். 'இந்நோய் உடையவர்கள் இப்படித்தான் மெதுவாக இருப்பார்கள்' என்று விட்டுவிடுவது எளிது. ஆண்டுதோறும் சிறிது இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்; அன்றாடம் ஒரு மாத்திரை போதும். உறக்கத்தில் உரத்த குறட்டையும் மூச்சுத் தடையும் உடைய பிள்ளை பகலில் எரிச்சலோடு இருப்பதும், பாடத்தில் மனம் பதியாதிருப்பதும் இயல்பே. பிள்ளை உட்கார்ந்தபடி முன்னே கவிழ்ந்து உறங்கினால் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

இவை யாவினும் அவசரமானது இதயம். ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் இதயக் குறையுடன் பிறக்கின்றனர். பெரும்பாலும் இதய அறைகளின் நடுச்சுவரில் துளை இருக்கும். காதில் கருவி வைத்துக் கேட்டால் ஒன்றும் புலப்படாமலும் போகலாம். ஆதலால் பிறந்த சில வாரங்களுக்குள் 'எக்கோ' என்னும் ஒலியலைப் படம் எடுத்தாக வேண்டும். காலம் தாழ்த்தினால் நுரையீரலில் இரத்த அழுத்தம் ஏறி, அறுவை செய்ய இயலாத நிலை வந்துவிடும். 1983இல் அமெரிக்க நாட்டில் இவர்களின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகளே. இன்று வளர்ந்த நாடுகளில் 60ஐ எட்டியுள்ளது. இதய அறுவை இம்மாற்றத்திற்குப் பெருங்காரணமாகும்.

அக்காலத் தோட்டங்களில் இத்தகைய பிள்ளை ஆயாக் கொட்டகையிலேயே வளர்ந்து, பின்னர் லயத்து வாசலில் அமர்ந்திருப்பது அன்றி வேறு வழியில்லை. இன்று நிலைமை வேறு. புஞ்சாக் ஆலாமிலேயே யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இயங்குகிறது. உடலியக்கப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் கற்பிக்கும் சுகாதார அறிவியல் துறையும் அங்கேயே உள்ளது. 1984இல் திரங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் நாடெங்கும் பரவியுள்ளன. பெட்டாலிங் ஜெயாவில் கிவானிஸ் டவுன் சிண்ட்ரோம் அறநிறுவனம் குழந்தைகளுக்குத் தொடக்கப் பயிற்சி அளிக்கிறது. சமூகநலத் துறையில் பதிந்து மாற்றுத்திறனாளர் அட்டை பெறுதல் முதற்படி. அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சும் பெற்றோர் உளர். ஊருக்கு ஏற்கெனவே தெரியும். உதவிதான் இன்னும் வந்து சேரவில்லை.

கல்வி பற்றியும் கூறவேண்டும். கைகால் தசைகள் தளர்ந்திருப்பதால் இப்பிள்ளைகள் நடப்பதற்கு இரண்டு வயதோ அதற்கு மேலோ ஆகலாம், ஆனால் நடப்பார்கள். பேசுவதைக் காட்டிலும் புரிந்துகொள்ளுதல் முந்தி வரும். காதால் கேட்பதைவிடக் கண்ணால் கண்டது நன்கு நிற்கும். எனவே படத்தைக் காட்டி, சைகையோடு சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் இட்டு, விடைக்குப் பத்து விநாடி பொறுத்திருத்தல் வேண்டும். அந்தப் பத்து விநாடிதான் நம்மில் பலரால் இயலாதது! 2019 முதல் எந்தப் பள்ளியும் உடற்குறை, அறிவுக்குறை காரணமாகப் பிள்ளையைத் திருப்பியனுப்பக் கூடாது என்பது கல்வியமைச்சின் கொள்கை. வயது வந்ததும் பெயரைப் பதிவு செய்யத் தயங்க வேண்டா.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. இப்பிள்ளைகள் சிலர்க்குக் கழுத்தெலும்பின் மேல் இரு மூட்டுகள் தளர்ந்திருக்கும். ஆதலின் மருத்துவர் பாராமுன் அவர்களைக் குட்டிக்கரணம் அடிக்கச் செய்வதும், கழுத்தை வளைத்துப் பிடித்து விளையாடுவதும் கூடா. நன்றாக நடந்த பிள்ளை திடீரெனத் தடுமாறினால், கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தால், உடனே ஆசிரியரிடம் கூறுங்கள். மற்றபடி ஓடலாம், பந்து எறியலாம், கோலாட்டம் ஆடலாம். விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது அவன் பெயரையும் எழுதுங்கள்.