இனம் இனத்தோடு

இனம் இனத்தோடு சேரும் என்பது பழமொழி. பெருநகரங்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம். மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லியின் கரோல்பாக்கிலும் தமிழர் பலர் கூடி வாழ்கின்றனர். சென்னையின் சௌகார்பேட்டையில் ராஜஸ்தான், குஜராத் வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. மக்கள் ஏன் இவ்வாறு தம்மவரோடு சேர்ந்து வாழ்கின்றனர்?

முதற்காரணம் தேவை. வேற்றூருக்கு வருபவர்க்கு உறைவிடமும் வேலையும் வேண்டும். முன்னரே குடியேறிய ஊராரே அவற்றைத் தேடித் தருவர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்குச் சென்ற பலர் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தது இவ்வாறே. பின்னர்த் தாய்மொழி, உணவு, வழிபாடு, பிள்ளைகளின் கல்வி ஆகியவை அவர்களை அவ்விடத்திலேயே நிலைக்கச் செய்கின்றன.

மற்றொரு காரணம் துன்பம் தருவது. பிறர் வீடு தர மறுப்பதாலும் மக்கள் ஒதுங்கி வாழ நேர்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு வீடு தர மறுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1968இல்தான் நாடு தழுவிய சட்டம் அதனைத் தடுத்தது.

வெறுப்பு இல்லாதபோதும் பிரிவு தோன்றுமா? தாமஸ் ஷெல்லிங் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இதனை ஆராய்ந்து 1971இல் கட்டுரை எழுதினார். கட்டங்களில் இருவகைக் காசுகளைக் கலந்து வைத்தால் அவர் கருத்து எளிதில் விளங்கும். அண்டையில் பாதிப்பேர் தம்மவராக இருந்தால் போதும் என்று ஒவ்வொரு காசும் எண்ணுவதாகக் கொள்வோம். அவ்வாறு அமையாத காசுகளை இடம் மாற்றிக்கொண்டே வந்தால், இறுதியில் அவை தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்துவிடும். எவரும் எவரையும் வெறுக்கவில்லை. ஆயினும் பிரிவு உண்டாயிற்று.

ஆகவே, கலந்து வாழ்தல் தானாக நிகழ்வதன்று. அதற்கு ஒருவர் முதலடி எடுத்து வைக்க வேண்டும். மும்பையில் 1932இல் தென்னிந்தியர் நிறுவிய தென்னிந்தியக் கல்விக் கழகத்தின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்று பல மொழி பேசும் மாணவர் பயில்கின்றனர். தம்மவர்க்கெனத் தோன்றிய நிழல் அனைவர்க்கும் நிழலாயிற்று.

தம்மவரோடு கூடுதல் தவறன்று. அக்கூட்டத்தின் கதவை அடைத்து வைத்தலே தவறு. நண்பகல் உணவின்போது உங்கள் அருகில் அமர்பவர் யார்? அவர் பேசும் மொழி எது? எண்ணிப் பாருங்கள்.

சொற்பொருள்
உறைவிடம் – தங்கும் இடம்
அண்டை – பக்கம், அருகு
கண்கூடாக – நேரில் தெளிவாக

வினாக்கள்
1. வேற்றூருக்கு வருபவர் தம்மவர் வாழும் பகுதியை நாடுவது ஏன்?
2. வெறுப்பு இல்லாமலும் பிரிவு தோன்றும் என்பதை விளக்குக.
3. உங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்தபோது முதலில் உதவியவர் யார்? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.

செயல்பாடு
36 கட்டங்கள் வரைந்து, இருவகைக் காசுகளை வகைக்கு 12 வீதம் கலந்து வைத்துப் பாடத்தில் கூறியவாறு நகர்த்திப் பார்க்க.