தண்ணீர் யார் கையில்?

அன்புள்ள மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ பார்த்ததாகவும், பெண்கள் ஆண்களுக்குச் சமமாகச் சண்டை போடுவதால் அது பெண்களை மதிக்கிற படம் என்றும் எழுதியிருந்தாய். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால், நீ சொன்ன காரணம் மட்டும் போதாது.

2015இல் ஜார்ஜ் மில்லர் இயக்கிய படம். பெரும்பகுதி நமீபியப் பாலைவனத்தில் எடுத்தது. உலகம் பாழான பிறகு, இம்மார்ட்டன் ஜோ நிலத்தடி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, நினைத்தபோது திறந்து நினைத்தபோது அடைக்கிறான். பிள்ளை பெற்றுத் தரவென்று ஐந்து பெண்களைப் பூட்டி வைத்திருக்கிறான். வேறு பெண்களிடம் எந்திரம் மாட்டிப் பால் கறக்கிறான். நீரும் பெண்ணும் அவனுக்கு ஒரே கணக்கில் வரும் சொத்து. கண்மாய் வறண்ட கோடையில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் குழாயடிகளில் குடத்தோடு நிற்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நீ. தண்ணீருக்குக் காத்திருப்பவளின் பொழுது அவள் கையில் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆகவே படம் பார்க்கும்போது, பெண்ணின் அறிவும் முடிவும் கதையைத் திருப்புகின்றனவா என்று பார். அந்த ஐவரையும் ஜோவிடமிருந்து தப்பவைத்து ஓட்டிச் செல்பவள் ஃப்யூரியோசா. வழியில் அவளோடு சேர்ந்துகொண்ட மேக்ஸ், இரவில் சேற்று நிலத்தில் துரத்தி வருகிறவர்களைச் சுட்டுக் குறி தவறுகிறான். மிஞ்சியது ஒரே தோட்டா. பின்னால் வந்து நிற்கும் ஃப்யூரியோசாவிடம் பேசாமல் துப்பாக்கியைக் கொடுக்கிறான். அவன் தோளில் அதைத் தாங்கி அவள் சுடுகிறாள்; குறி தப்பவில்லை. அவளுக்குத் திறமை அதிகம் என்பதை இருவருமே இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். விதைப்பை சுமக்கும் கிழவியையும் கவனி. குதிரைவாலியைக் குலுக்கையில் பத்திரப்படுத்திய நம் ஊர்ப் பாட்டிகளின் அறிவு அது. ஊரை மறுபடி எழுப்பக்கூடியது அந்தப் பைதான்.

குறையையும் சொல்ல வேண்டும். ஐந்து பெண்களும் மெல்லிய வெள்ளைத் துணியில், குழாய் நீரில் நனைந்தபடிதான் முதலில் முழுதாகத் தெரிகிறார்கள். அங்கே கேமரா அவர்களின் அழகில் சற்று மயங்கத்தான் செய்கிறது. இந்தப் படத்தின் தொகுப்புக்காக மார்கரெட் சிக்ஸல் 2016இல் ஆஸ்கர் வாங்கினார். பெண்ணின் உழைப்பால் கூர்மை பெற்ற படம் என்பதற்காக அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

கடைசியில் தண்ணீரைத் திறந்துவிடுவது யார் என்று கவனித்தாயா? பால் கறக்கப்பட்ட அந்தப் பெண்கள். ஜோ செத்ததைவிட எனக்கு அதுதான் பெரிய வெற்றி.

அடுத்து, கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை வைத்து கே. பாலசந்தர் 1981இல் எடுத்த ‘தண்ணீர் தண்ணீர்’ பார். சரிதா நடித்த செவந்தி எங்கெங்கே தானாக முடிவெடுக்கிறாள் என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி